படியேறிச் சென்ற பிறரன்பு

ஒரு பங்கின் யூபிலி மலரைக் கையில் எடுப்போர் ஆலயம் எழும்பிய வரலாறு, மணிக்கூண்டு உயர்ந்த வரலாறு, பங்குத் தந்தையரின் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றையே முதலில் தேடுவர். அது இயல்பே. கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆன வேலை கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு, புகைப்படம் உண்டு. இவை ஒன்றும் இல்லாத வேறொரு வேலையும் நம் பங்குகளில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அந்தி சாய்ந்த வேளையில் இருவர் இருவராகப் புறப்பட்டு, ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்து, உள்ளே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்து பேசி, கையிலுள்ளதைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் புனித வின்சென்ட் தே பவுல் சபையாரின் வேலையையே குறிப்பிடுகிறோம். யார் வீட்டுக்குப் போனோம் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்களது கட்டுப்பாடு. ஆகவே வரலாறு எழுத முற்படுவோருக்கு அவர்களால் அதிக உதவியில்லை! அவரவர் பங்கில் உழைத்த மனிதரின் பெயர்களை அவரவர் நினைவுக்கே விட்டுவிட்டு, இந்த வேலை எங்கே, எப்படித் தோன்றியது என்பதை மட்டும் இங்கே காண்போம்.

இது பணம் திரட்டி ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஒரு தர்ம ஸ்தாபனம் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது பாதி உண்மைதான். பணம் கொடுத்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். கொடுக்க வேண்டியதைத் தாமே எடுத்துச் செல்வதா, பிறர் கையில் கொடுத்தனுப்புவதா என்ற கேள்வியில்தான் இதன் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது.

ஷாத்தியோனில் ஒரு ஞாயிறு

சபையின் பாதுகாவலரான வின்சென்ட் தே பவுல் 1581-ம் ஆண்டு பிரான்சு நாட்டின் தென்மேற்கே பூயி என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1617-ம் ஆண்டு லியோன் நகருக்கு வடக்கேயுள்ள ஷாத்தியோன் என்ற ஊரின் பங்குத் தந்தையாக அவர் வந்து சேர்ந்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்கு உடை அணிந்துகொண்டிருந்தபோது ஒரு செய்தி வந்தது. ஊருக்குச் சற்று வெளியே ஒரு வீட்டில் எல்லோருமே நோயில் விழுந்து கிடக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கவனிக்கவும் ஆளில்லை. வின்சென்ட் மறையுரையில் அதைச் சொன்னார். மக்களின் உள்ளம் இளகியது. பிற்பகலில் அவர் அந்த வீட்டுக்குப் புறப்பட்டபோது வழியெல்லாம் கூட்டம். பலர் கூடை கூடையாக உணவு கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தனர். வேறு பலர் போய்க்கொண்டிருந்தனர்.

வேறொருவராயிருந்தால் தம் பிரசங்கத்தின் வெற்றியை எண்ணி மகிழ்ந்து போயிருப்பார். வின்சென்ட் உழவர் வீட்டுப் பிள்ளையாதலால் அவருக்கு வேறொன்று தோன்றியது. இன்று வந்து குவிந்தது அவர்கள் உண்ணக்கூடியதைவிட மிகுதி, பாதி கெட்டுப்போகும். நாளை மறுநாள் அந்தக் குடும்பம் பழையபடி பட்டினி கிடக்கும். இரக்கத்துக்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை. சில நாட்களுக்குள்ளேயே ஊர்ப் பெண்மணிகள் சிலரைக் கூட்டி, நாள் முறை வைத்து, இன்று ஒருவர் சமைத்து எடுத்துச் செல்வது, நாளை மற்றொருவர் என்று ஏற்பாடு செய்தார். பிறரன்புச் சபைகள் என்று பிரான்செங்கும் பரவிய அமைப்பின் தொடக்கம் அதுவே.

அவர் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த விதிமுறைகள் இன்றும் கிடைக்கின்றன. நோயாளியின் முன் சிறு மேசையை எப்படி வைப்பது, அதன்மேல் துணி விரிப்பது, இன்முகத்தோடு வணங்கிப் பரிமாறுவது என்பனவெல்லாம் அதில் உண்டு. ஒரு விதி குறிப்பாக மனத்தில் நிற்பது. பல வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தால், பக்கத்தில் துணைக்கு ஆள் உள்ள நோயாளியிடம் முதலில் போக வேண்டும். யாருமற்ற நோயாளியிடம் கடைசியாகப் போக வேண்டும். அப்போதுதான் அவரோடு அதிக நேரம் உட்கார்ந்திருக்க முடியும். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துப் பங்குத் தந்தை இதை எழுதி வைத்திருக்கிறார். சோறு கொண்டு போவது மட்டும் நோக்கமாயிருந்தால் இந்த விதி தேவையே இல்லை.

பாரிஸ் நகரில் இதே முறையைத் தொடங்கியபோது ஒரு சிக்கல் தலைதூக்கியது. அங்கே சேர்ந்தவர்கள் பிரபுக்கள் குடும்பத்துச் சீமாட்டிகள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. ஆனால் நாற்றமடிக்கும் சந்துகளில் உணவுச் சட்டியைத் தாங்களே சுமந்து செல்வது அவர்களுக்கு ஆகவில்லை. சிலருக்குக் கணவர் தடை சொன்னார். விரைவிலேயே வேலைக்காரப் பெண்கள் கையில் சட்டி போயிற்று. எஜமானி போகச் சொன்னதால் போகிற வேலைக்காரியிடம் நோயாளி எதை எதிர்பார்க்க முடியும்? இக்குறையை நீக்கவே 1633-ம் ஆண்டு வின்சென்ட், லூயிஸ் தெ மரியாக் அம்மையாருடன் சேர்ந்து பிறரன்புப் புதல்வியர் சபையை நிறுவினார். தாமே விரும்பி வந்த கிராமத்து ஏழைப் பெண்களே அதன் முதல் கன்னியர். அவர்களுக்கெல்லாம் முன்னோடியான மார்கரித் நசோ என்ற மாடு மேய்த்த பெண், கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையிலேயே படுக்க வைத்துப் பேணி, அந்நோயாலேயே அதே 1633-ல் உயிர் துறந்தார். சட்டியை அனுப்பிய சீமாட்டிகளுக்கும் படுக்கையைப் பகிர்ந்த இப்பெண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் கொஞ்சமன்று.

ஏழையின் வீடு உயரத்தில்

இனி இருநூறு ஆண்டு தள்ளி லியோன் நகருக்கு வருவோம். ஷாத்தியோனுக்கு அருகேயுள்ள பெருநகரம் அது. பட்டு நெசவுக்குப் பேர் போனது. நம் நாட்டில் ஏழை வீடு என்றால் தாழ்ந்த கூரையும் குனிந்து நுழையும் வாசலும் நினைவுக்கு வரும். லியோன், பாரிஸ் போன்ற நகரங்களிலோ வீடுகள் ஐந்தடுக்கு, ஆறடுக்கு உடையவை. மின்தூக்கி இல்லாத காலம். வசதியுள்ளவன் கீழ்த்தளங்களில் குடியிருப்பான். மேலே போகப் போக வாடகை குறையும். கூரைக்கு அடியில், கோடையில் வேகும், குளிர்காலத்தில் உறையும் அறைகளில் ஏழைகள் இருப்பார்கள். ஆகவே ஏழையைப் பார்க்கப் போவது என்றால் படியேறுவது என்றே பொருள்.

லியோனில் ஓசானாம் என்று ஒரு மருத்துவர் இருந்தார். நோயாளிகளில் பலரிடம் அவர் காசு வாங்குவதில்லை. அவருடைய மனைவி, இரவில் நோயுற்ற தொழிலாளர்களுக்குக் கண் விழித்துத் துணையிருக்கும் பெண்கள் குழுவைச் சேர்ந்தவர். இருவருக்கும் வயதானபோது, நான்காம் மாடிக்கு மேல் இனி ஏறுவதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்களாம். ஒரு நாள், உச்சி மாடியில் ஒரு நோயாளியின் அறையில் இருவரும் எதிரெதிரே சந்தித்துவிட்டார்கள் என்று அக்குடும்பத்தைப் பற்றி ஓர் இனிய செய்தி வழங்குகிறது. அதன் முடிவு அத்துணை இனியதன்று. 1837-ம் ஆண்டு, ஏழை நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்ற இடத்தில் படிக்கட்டில் தவறி விழுந்து மருத்துவர் உயிரிழந்தார்.

இப்பெற்றோருக்குப் பிறந்த பதினான்கு பிள்ளைகளில் பெரும்பாலோர் இளமையிலேயே இறந்துவிட, எஞ்சியவர்களில் ஒருவர்தான் பிரெடெரிக் ஓசானாம். 1813-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் நாள், குடும்பம் இத்தாலியில் இருந்த காலத்தில், மிலான் நகரில் பிறந்தார். 1831-ம் ஆண்டு இறுதியில் சட்டம் படிக்கப் பாரிஸ் நகருக்குப் போனார். மின்சாரம் படித்த நம் மாணவர்கள் ‘ஆம்பியர்’ என்ற அளவை அறிவார்கள். அந்தப் பெயருக்குரிய விஞ்ஞானி ஆந்த்ரே மாரி ஆம்பேரின் வீட்டில்தான் அவருக்குத் தங்க இடம் கிடைத்தது.

அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில், 1832-ம் ஆண்டு, பாரிஸில் காலரா புகுந்தது. அவ்வாண்டில் மட்டும் அந்நகரில் 18,000 பேருக்கு மேல் மாண்டனர். ஏழைகளின் தெருக்களே அதிகம் வெறிச்சோடின. விதவைகளும் அநாதைகளும் பெருகினர். அதே நகரில், அதே நாட்களில், ஓசானாமும் நண்பர்களும் எம்மானுவேல் பாயி என்ற கத்தோலிக்கப் பத்திரிகையாளரின் ஆதரவில் வரலாற்று விவாத மன்றம் நடத்திக்கொண்டிருந்தனர். நாத்திகரும் வரலாம், சமதர்மக் கொள்கையினரும் வரலாம். திருச்சபை மனித குலத்துக்கு என்ன செய்திருக்கிறது என்பது பற்றி அனல் பறக்கும் சொற்போர்கள் நடக்கும். ஓசானாம் நல்ல பேச்சாளர், ஆதாரங்களை அடுக்குவார்.

ஒரு நாள் எதிர்த்தரப்பு இளைஞர் ஒருவர் எழுந்தார். உங்கள் சமயம் பழங்காலத்தில் நன்மை செய்தது உண்மைதான். ஆனால் இன்று அது செத்துப்போன மரம். கத்தோலிக்கன் என்று மார்தட்டும் நீங்கள் இப்போது, இந்த ஊரில், என்ன செய்கிறீர்கள்? உங்கள் செயலைக் காட்டுங்கள், நாங்கள் நம்புகிறோம் என்ற கருத்துப்படப் பேசி உட்கார்ந்தார். ஓசானாமிடம் விடையில்லை. இது கேட்டவர் யார் என்பது பெரிதன்று. பகைவர் கேட்டாலும் நியாயமான கேள்வி நியாயமான கேள்விதான். அதற்குக் கோபப்படாமல் வெட்கப்பட்ட அந்த மாணவர்களைப் பாராட்ட வேண்டும். அன்றிரவே ஓசானாமும் அவருடைய தோழர் லெ தையாந்தியேயும் தங்கள் அறையில் குளிர் காய வைத்திருந்த விறகில் மிஞ்சியதைச் சுமந்துகொண்டுபோய் ஓர் ஏழையின் வீட்டில் இறக்கினர் என்பர்.

எழுவரும் ஒரு கன்னியரும்

1833-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் நாள் மாலை பாயியின் பத்திரிகை அலுவலகத்தில் எழுவர் கூடினர். அன்று ஓசானாமுக்கு இருபது வயது நிறைந்த நாள். அவரோடு லெ தையாந்தியே, லமாஷ், லாலியே, கிளாவே, தெவோ ஆகிய ஐந்து மாணவர்கள், ஏழாமவர் பாயி. அவருக்கு முப்பத்தொன்பது வயது, அவரே தலைவரானார். சபையை நிறுவியவர் ஓசானாம் என்று நாம் சொன்னாலும், அவர் தம்மைத் தனியாக நிறுவனர் என்று சொல்லிக்கொள்ள விரும்பியதில்லை. முதல் தலைவர் பாயி, விதிமுறைகளை எழுதியவர் லாலியே, பொருளாளர் தெவோ. கூட்ட முடிவில் தெவோ தம் தொப்பியைக் கழற்றிச் சுற்றி வர, ஒவ்வொருவரும் இயன்றதை இட்டனர். மாணவர்களிடம் என்ன இருந்திருக்கும்! பாயி தம் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதித் தரும் மாணவருக்குக் கொடுத்த கூலியும் அதில் விழுந்தது.

பணம் கொஞ்சம், ஆர்வம் நிறைய. ஆனால் ஏழை வீட்டுக்குள் எப்படி நுழைவது, என்ன பேசுவது என்பது இம்மாணவர்களுக்குத் தெரியாது. பாயி அவர்களை மூஃப்தார் பகுதியிலிருந்த சகோதரி ரொசாலி ரெந்துவிடம் அனுப்பினார். இவர் 1633-ல் வின்சென்ட் தொடங்கிய அதே பிறரன்புப் புதல்வியர் சபைக் கன்னியர். சீமாட்டிகள் தாங்கள் போகாமல் பிறரை அனுப்பியதால் தோன்றிய சபை, சரியாக இருநூறாம் ஆண்டில் படித்த வாலிபர்களுக்கு நேரில் போவது எப்படி என்று கற்றுக் கொடுத்தது!

ரொசாலி 1786-ம் ஆண்டு சுவிஸ் எல்லைப்புறத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது குருக்களை மறைத்து வைத்த வீடு அவருடையது. வீட்டில் தோட்ட வேலை செய்த பியேர் என்பவர் உண்மையில் மாறுவேடத்திலிருந்த ஆயர் என்பதை அவர் சிறுமியாயிருந்தபோது கண்டறிந்தார். 1802-ல் பாரிஸுக்கு வந்தவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தோல் பதனிடுவோரும் கந்தல் பொறுக்குவோரும் நிறைந்த அந்த மூஃப்தார் பகுதியை விட்டு அகலவில்லை. எந்த மாடியில் யாருக்குக் காய்ச்சல், எந்த அறையில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்கு மனப்பாடம். மாணவர்களுக்குச் சில குடும்பங்களின் பெயர்களையும், கடையில் கொடுத்தால் ரொட்டியும் கரியும் கிடைக்கும் சீட்டுகளையும் கொடுத்தார். அதனுடன் புத்திமதியும் கொடுத்தார்: பொறுமையாயிருங்கள், குறை காணுமுன் கேட்டுப் பாருங்கள், பசித்தவனிடம் இன்சொல்லை எதிர்பார்க்காதீர்கள்.

அந்தச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியிருந்தால் என்ன? ரொட்டி எப்படியும் கிடைத்திருக்கும் அல்லவா? இதற்கு விடையாக ஓசானாமிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் குடும்பங்களுள் ஒன்றைப் பற்றி அவருடைய வாழ்க்கை வரலாற்றில் கூறப்படுவதைச் சொன்னால் போதும். ஒரு தாய், ஐந்து பிள்ளைகள், குடிகாரக் கணவன். அவள் உழைத்துக் கொண்டுவருவதை அவன் அடித்துப் பிடுங்கிக் குடித்துவிடுவான். ரொட்டிச் சீட்டு எத்தனை கொடுத்தாலும் அந்த வீட்டில் விடியாது. திரும்பத் திரும்பப் போய், அவள் நம்பிக்கையைப் பெற்று, பேச்சுக் கொடுத்தபோதுதான் அவர்களுக்குச் சட்டப்படி திருமணமே நடந்ததில்லை என்பதை அந்தச் சட்ட மாணவர் அறிந்தார். அவள் நினைத்தால் அவனைவிட்டு விலகலாம்! இது அவளுக்கே தெரியாது. அதிகாரிகளிடம் சென்று ஆணை வாங்கி, நண்பர்களிடையே வழிச்செலவுக்குப் பணம் திரட்டி, சிறு பிள்ளைகளோடு அவளைப் பிரித்தானிப் பகுதியிலிருந்த தாய் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். மூத்த மகன்கள் இருவர் பாயியின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தனர். அக்குடும்பத்துக்குத் தேவைப்பட்டது ரொட்டி அன்று. உட்கார்ந்து கேட்க ஒருவர். அக்கேள்வியை ரொட்டிச் சீட்டு கேட்காது.

பிற்காலத்தில் ஓசானாம் பேராசிரியராகி, மணமாகி, ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையான பிறகு நடந்ததாக மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒரு புத்தாண்டு நாள். தமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நல்ல நாளில் வாங்கியிருந்த ஒரே மரப் பெட்டகத்தையும் அடகு வைத்துவிட்டது என்பது அவர் நினைவை உறுத்தியது. அதை மீட்டுக் கொடுக்கலாமா என்றார். மனைவி, இருக்கிற செலவில் இது வேண்டாம் என்று தக்க காரணங்களோடு தடுத்தார், அவரும் இசைந்தார். மாலையில் குழந்தைக்கு வந்து குவிந்திருந்த விளையாட்டுப் பொருள்களைப் பார்த்தபோது அவருக்குப் பலகாரம் இறங்கவில்லை. மனைவியே போய்வரச் சொல்ல, அப்போதே போய் அடகை மீட்டு, பெட்டகத்தை அந்த வீட்டில் சேர்த்த பிறகே அவர் முகம் மலர்ந்தது. அடகுக் கடையின் வாசலை அறிந்த நமக்கு இதன் அருமை தெரியும். அரிசி கொடுப்பவர் பலர். அண்டாவை மீட்டுக் கொடுப்பவர் அரியர். வீட்டுக்குள் போய் வந்தவருக்குத்தானே அண்டா காணாமற் போனது தெரியும்!

பிரிந்து பெருகியது

1834-ம் ஆண்டு வின்சென்ட் தே பவுலைப் பாதுகாவலராகக் கொண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் உறுப்பினர் நூறு பேருக்கு மேல். ஒரே அறையில் நூறு பேர் கூடினால் குடும்பங்களைப் பற்றிப் பேசுவதெப்படி? பங்குவாரியாகப் பிரியலாம் என்றார் ஓசானாம். அப்போது கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சமன்று. நண்பர்களாகச் சேர்ந்தோம், பிரிந்தால் நட்புப் போய்விடும் என்று வருந்தியவர்களில் முதல் எழுவரில் ஒருவரும் இருந்தார். பல வாரம் வாதாடி, 1835-ன் தொடக்கத்தில் பிரிந்தனர். அந்தப் பிரிவினை நடந்திராவிட்டால் இச்சபை பாரிஸ் மாணவர் சங்கம் ஒன்றாகவே முடிந்து போயிருக்கும். அதே ஆண்டில் விதிமுறைகள் வெளியாயின. நீம் நகரிலும் கிளை தோன்றியது. 1844-ல் டப்ளின், லண்டன். 1845-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். 1854-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். டப்ளினில் தொடங்கிய மறு ஆண்டே அயர்லாந்தை உருளைக்கிழங்குப் பஞ்சம் தாக்கிற்று. அங்குள்ள கிளைகள் வளர்ந்ததே பஞ்சத்தின் நடுவில்தான்.

ஓசானாமின் அறிவுப் பணியை இங்கே விரிக்க இடமில்லை. தாந்தே பற்றி ஆராய்ந்து 1839-ல் இலக்கிய டாக்டர் பட்டம் பெற்று, சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கினார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தர்மம் செய்தால் போதும், நியாயம் தேவையில்லை என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. லியோனில் வணிகச் சட்டம் கற்பித்த 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, தொழிலாளியின் கூலி அவன் உணவுக்கு மட்டுமன்றிப் பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் போதுமானதாயிருக்க வேண்டும் என்று வகுப்பில் போதித்தார். தொழிலாளர் பற்றிய திருத்தந்தை 13-ம் சிங்கராயரின் சுற்றுமடல் 1891-ல்தான் வந்தது. உதவி ஒருபக்கமாக நிற்கும்போது பெறுகிறவனைத் தாழ்த்துகிறது. கொடுப்பவனும் அவனிடமிருந்து பெறத் தொடங்கும்போது இருவரையும் உயர்த்துகிறது என்ற கருத்தை அவர் 1848-ல் எழுதினார். மாடிப் படிகளில் பதினைந்து ஆண்டு ஏறி இறங்கியவரின் சொல் அது.

அந்த 1848-ம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ் தெருக்களில் தொழிலாளரும் படையினரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். ஓசானாம் நண்பர்களோடு பேராயர் ஆஃப்ரிடம் சென்று, சமாதானம் பேச வருமாறு வேண்டினார். பேராயர் இசைந்தார். ஜூன் 25-ம் நாள் தடுப்பரணுக்குச் சென்ற பேராயர் குண்டடிபட்டார். இரண்டு நாளில் இறந்தார். வேண்டிக்கொண்டவரின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

சிறுநீரக நோயால் நலிந்த நிலையிலும் 1853-ல் இத்தாலியில் கிளைகளைக் காணச் சென்று, தாயகம் திரும்பும் வழியில், செப்டம்பர் 8-ம் நாள், தேவ அன்னையின் பிறந்த நாளன்று, மார்செய் நகரில் ஓசானாம் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. சகோதரி ரொசாலி 1856-ல் இறந்தார். 1997-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ம் நாள் பாரிஸ் நோத்ரு தாம் பேராலயத்தில் ஓசானாமும், 2003-ல் ரொசாலியும் திருத்தந்தை 2-ம் அருள் சின்னப்பரால் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர்.

1861-ல் சபைக்கு ஒரு சோதனை வந்தது. நாடெங்கும் வாரந்தோறும் கூடும் இவர்களைப் பார்த்து பிரெஞ்சு அரசு ஐயம் கொண்டது. அரசு அனுமதி பெற வேண்டும் என்று உள்துறை அமைச்சர் சுற்றறிக்கை விட்டார். பாரிஸ் தலைமைச் சபை வேண்டுமானால் அதன் தலைவரை அரசே நியமிக்கும் என்றனர். கிளைகளில் பெரும்பாலானவை அப்படியொரு தலைமை வேண்டாம் என்றன. தலைமைச் சபை கலைந்தது. ஆனால் வீடு சந்திக்கும் வேலை நின்றுவிடவில்லை. அதற்கு அலுவலகம் தேவையில்லை. இருவரும் ஒரு முகவரியும் போதும்.

நம் மண்ணில்

இந்தியாவில் இச்சபை 1863-ம் ஆண்டு பம்பாய் நகரில் கால் வைத்தது. பின்னர் தமிழ்நாட்டுப் பங்குகளிலும் வேரூன்றியது. ஒரு கிளைக்கு ஒரு தலைவர், செயலர், பொருளாளர். வாரம் ஒரு கூட்டம். ஜெபம், ஞான வாசகம், சென்ற வாரக் குறிப்பு, வீடு சந்தித்தவரின் அறிக்கை, முடிவில் காணிக்கை. பாரிஸில் பாயியின் அலுவலகத்தில் நடந்த முறை ஏறக்குறைய மாறாமல் நம் பங்கு மனைகளின் தாழ்வாரத்தில் நடப்பதைக் காணலாம். பொறுப்பேற்றுக்கொண்ட வீட்டைத் தத்துக் குடும்பம் என்பார்கள். உதவி பெறுவோர் கத்தோலிக்கர்தாம் என்ற நிபந்தனை இல்லை.

இங்கே ஏற வேண்டிய மாடிப் படிகள் இல்லை. ஆயினும் அவற்றைவிட ஏறக் கடினமான ஒன்று இருந்தது. யார் எந்தத் தெருவுக்குள் போகலாம், யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், எவர் கையால் தண்ணீர் குடிக்கலாம் என்பதையெல்லாம் சாதி வகுத்திருந்த நாடு இது. ஆலயத்துக்குள்ளும் அது புகுந்ததை மறைப்பதற்கில்லை. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நிறுத்திய தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகற்றப்பட்டது. அப்படிப்பட்ட ஊர்களில், அரிசியை ஆள் மூலம் அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தபடியே புண்ணியம் சம்பாதிப்பது எளிது. நேரில் போக வேண்டும், உள்ளே போக வேண்டும், உட்கார வேண்டும் என்ற விதி அந்த எளிய வழியை அடைத்துவிட்டது. எல்லோரும் அதை முழுமையாகக் கைக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. வாசலில் நின்றபடியே கொடுத்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் விதியை மதித்து உள்ளே போய், கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தவர்களும் இருந்தார்கள். இவ்விதி இந்நாட்டில் செய்த வேலையைப் பற்றி இன்னும் விரிவாக யாரேனும் எழுத வேண்டும்.

மகளிரைப் பற்றியும் ஒரு சொல். ஷாத்தியோனில் தொடங்கியவர்கள் பெண்கள். மாணவர்களுக்கு வழி காட்டியவர் பெண். அப்படியிருந்தும் இச்சபையில் உறுப்பினராகப் பெண்களுக்கு 1967-ம் ஆண்டு வரை இடமில்லை. 1856-ல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் தோன்றிய தனி மகளிர் சபை அதுவரை தனியாகவே இயங்கி, அப்போதுதான் ஒன்றாயிற்று. கதவு திறக்க நூறாண்டுக்கு மேலாயிற்று என்பது பெருமைக்குரியதன்று. இன்றோ நம் ஊர்க் கிளைகள் பலவற்றில் வீடு சந்திக்கப் புறப்படுவோரில் தாய்மாரையும் காண்கிறோம். கணவனிடம் சொல்ல முடியாததை, பங்குத் தந்தையிடமும் சொல்லத் தயங்குவதை, ஒரு பெண் இவர்களிடம் சொல்லிவிடுகிறாள்.

இப்போது பணம் அனுப்புவது முன்னெப்போதையும்விட எளிதாகிவிட்டது. கைபேசியில் விரல் வைத்தால் போதும், வெளிநாட்டிலிருக்கும் மகன் நம் பங்கின் ஏழைக்கு ஒரு நிமிடத்தில் உதவி அனுப்பிவிடலாம். அதைக் குறைசொல்லத் தேவையில்லை. மருந்துச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அப்பணம் வேண்டும். சுமார் 150 நாடுகளில் ஏறத்தாழ எட்டு லட்சம் உறுப்பினர்கள் என்று இன்று கூறப்படும் இச்சபையிலேயே, வசதியுள்ள நாட்டுக் கிளை ஏழை நாட்டுக் கிளையோடு இணைந்து உதவி அனுப்பும் ஏற்பாடு நெடுநாளாக உண்டு. ஆனால் அனுப்பிய பணத்தை எடுத்துக்கொண்டு கடைசி நூறு கஜம் நடக்க உள்ளூரில் இருவர் வேண்டும். பல கிளைகளில் அந்த இருவர் இன்று அறுபது வயதைக் கடந்தவர்கள். 1833-ல் கூடியவர்களில் பாயியைத் தவிர மற்றவர் அனைவரும் மாணவர்கள் என்பதை இந்த இடத்தில் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

கூட்ட முடிவில் தெவோ சுற்றி வந்த தொப்பி நம் ஊரில் துணிப்பையாகியிருக்கிறது. இரகசியப் பை என்பது அதன் பெயர். வாய் குறுகிய அந்தப் பைக்குள் எல்லோரும் கையை மூடியபடி விட்டு எடுப்பார்கள். ஐந்நூறு ரூபாய் இட்டவர் யார், ஐந்து ரூபாய் இட்டவர் யார் என்று தெரியாது. அந்த வாரம் கையில் ஒன்றுமில்லாமல் வெறுங்கையை விட்டு எடுத்தவர் யார் என்பதும் தெரியாது.